தீர்வை ஏறியதாலா வாடகை ஏறியது?

“வீட்டுக்காரர் மேல் வரி போட்டால் அது கடைசியில் வாடகைக்காரர் தலையில்தான் விடியும்.” தூத்துக்குடியில் இதை மறுத்துப் பேசுகிறவரைக் காண்பது அரிது. இரண்டு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர் சொல்கிறார், மனைத் தரகர் சொல்கிறார், வருமான வரிப் படிவம் நிரப்பித் தருகிற ஆடிட்டர் சொல்கிறார், எல்லாக் கட்சி மேடையிலும் சொல்கிறார்கள். மாதம் பிறந்தால் வாடகையை எண்ணிக் கொடுக்கிற குடும்பமும் அதையே சொல்வதுதான் என்னை வருத்துகிறது. தனக்கு எதிராகத் திருப்பப்படுகிற வாதத்தைத் தனக்கான பாதுகாப்பு என்று அது நம்புகிறது. இந்த நம்பிக்கைக்கு நம் ஊர் அனுபவத்திலும் ஆதாரம் இல்லை, வெளிநாட்டு அனுபவத்திலும் இல்லை என்பதே என் கட்சி.

நம் மாநிலத்தில் நடந்ததிலிருந்தே தொடங்கலாம். 2018 ஜூலையில் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்தியது. சொந்தக் குடியிருப்புக்கு 50 சதவீதம் வரை. வாடகைக்கு விட்ட குடியிருப்புக்கும் வணிகக் கட்டடத்துக்கும் 100 சதவீதம் வரை. வாடகை வீட்டுக்குத் தனி விகிதம் என்றதும், ஏழை வாடகைக்காரர் என்ன செய்வார் என்ற கேள்வி மாநிலம் முழுக்க எழுந்தது. சில நாட்களிலேயே அரசு இறங்கிவந்து அதையும் 50 சதவீதம் ஆக்கியது. அதோடு நிற்கவில்லை. 2019 நவம்பரில் உயர்வு முழுவதையுமே நிறுத்திவைத்து, பழைய வரியே போதும், கூடுதலாகக் கட்டியது இனி வரும் வரியில் ஈடுசெய்யப்படும் என்று அறிவித்தார்கள்.

வரி ஏறினால் வாடகை ஏறும் என்பது உண்மையான விதியாக இருந்தால், வரி இறங்கினால் வாடகையும் இறங்கியாக வேண்டும். 2019இல் இறங்கியதா? வரி ஏறியபோது வாடகையைக் கூட்டிய வீட்டுக்காரர்களில் எத்தனை பேர், “அரசு உயர்வைத் திரும்ப வாங்கிவிட்டது, இந்த மாதம் பழைய வாடகையே கொடுங்கள்” என்றார்கள்? ஈடுசெய்யப்பட்ட தொகை வரி கட்டியவர் பெயரில் வரவானது. அவருக்காக அதைச் சுமந்ததாகச் சொல்லப்பட்ட வாடகைக்காரருக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. மேலே போக மட்டும் தெரிந்து, கீழே வரத் தெரியாத ஒன்றுக்குப் பொருளாதார விதி என்று பெயர் சூட்டக் கூடாது.

அடுத்தது 2022 ஏப்ரல். இந்த முறை உயர்வு நிலைத்தது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. தூத்துக்குடி மாநகராட்சிக்கும் இதே அளவுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் சதுர அடி வீடு, ஆண்டுக்கு 2,000 ரூபாய் தீர்வை, அதாவது சொத்து வரி, என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 3,000 ஆகிறது. கூடியது ஆண்டுக்கு 1,000 ரூபாய். மாதத்துக்கு 83 ரூபாய் சில்லறை. ஆனால் வாசலில் வந்து விழுகிற சொல் எப்படி இருக்கும் என்பது இங்கே வாடகைக்கு இருந்த எவருக்கும் தெரியும்: “தீர்வை ஏறிட்டு, பாத்துக்கிடுங்க. அடுத்த மாசத்துலருந்து ஐநூறு சேத்துக் குடுங்க.” 83 எங்கே, 500 எங்கே? நடுவில் இருக்கிற 417 ரூபாய்க்கு எந்த அரசாணையும் பொறுப்பில்லை. அந்தத் தொகையை அவர் கேட்க முடிந்ததற்குக் காரணம், கேட்டால் கொடுத்துவிட்டு இருப்பார்கள், வெளியே போனால் இதைவிடக் குறைவாக வீடு கிடைக்காது என்ற நிலவரம். அந்த நிலவரம் வரி ஏறாத ஆண்டிலும் அப்படியேதான் இருந்திருக்கும்.

வாடகையை நிர்ணயிப்பது வீட்டுக்காரரின் செலவு அன்று. வீடு தேடி எத்தனை பேர் வருகிறார்கள், அவர்கள் கையில் எவ்வளவு வருமானம், காலியாக எத்தனை வீடு என்பதுதான். தூத்துக்குடியைப்போல இதைத் தெளிவாகக் காட்டும் ஊர் குறைவு. இங்கே வேலை அலை அலையாக வந்திருக்கிறது, போயும் இருக்கிறது. ஸ்பிக் வந்தது, 1974இல் துறைமுகம் பெருந்துறைமுகம் ஆனது, அனல் மின் நிலையம் வந்தது. முத்தையாபுரத்திலும் மில்லர்புரத்திலும் காம்பவுண்ட் வீடுகள் எழுந்தன. 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போன பிறகு ஸ்டெர்லைட் தாமிர ஆலை மூடப்பட்டது. அந்த ஆலைச் சம்பளத்தை நம்பி வாடகைக்கு இருந்தவர்கள் பெட்டி கட்டியபோது, இரண்டே மாதத்தில் அறிவிக்கப்பட்ட சொத்து வரி உயர்வைக் காட்டி அந்த வீடுகளுக்கு யாரால் கூடுதல் வாடகை வாங்க முடிந்திருக்கும்? பிறகு 2024 பிப்ரவரியில் சில்லாநத்தத்தில் வின்ஃபாஸ்ட் கார் ஆலைக்கு அடிக்கல், 2025 ஜூலையில் வாகைகுளம் விமான நிலையத்தின் புது முனையம், ஆகஸ்ட் 4 அன்று ஆலைத் திறப்பு. மனை விலையும் வாடகையும் எங்கே போய் நிற்கின்றன என்று அந்தப் பக்கத்து ஆட்களைக் கேளுங்கள். அந்த ஏற்றத்தில் வரிக்கு என்ன பங்கு?

வரி யார் மேல் போடப்படுகிறது என்பது ஒன்று, யார் மேல் தங்குகிறது என்பது வேறொன்று. தப்பிப் போக வழியில்லாதவர் மேல்தான் அது தங்கும். இந்தக் கடற்கரைக்கு இது புதிய பாடம் இல்லை. 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள் முத்துக்குளிப்பு வரியைக் கல் கணக்கில் வாங்கினார்கள். குளியாள் கடலடிக்கு விரைந்து இறங்குவதற்காகக் கயிற்றில் கட்டிக் காலடியில் வைத்துக்கொள்ளும் கல் அது. ஒரு கல்லுக்கு இவ்வளவு என்று வரி. பிற்காலத்தில் ஆங்கிலேயர் சிப்பியாகவே பங்கு பிரித்தார்கள். குளியாளுக்கு மூன்றில் ஒரு பங்கு. மற்றது அரசுக்கு, ஆயிரம் ஆயிரமாக ஏலத்துக்கு. தன் மேல் விழுந்ததை முத்து விலையில் ஏற்றி வாங்குகிறவர் தலையில் கட்டக் குளியாளால் முடிந்ததா? விலை சொன்னவர்கள் ஏலத்துக்கு வந்த வியாபாரிகள். அவர்களுக்கு மன்னார் வளைகுடா இல்லாவிட்டால் பாரசீக வளைகுடா இருந்தது. குளியாளுக்கு இந்தப் பாரை விட்டால் வேறு கடல் இல்லை. கடைசி முத்துக்குளிப்பு நடந்த 1961 வரை விலை சொல்லும் இடத்துக்கு அவர் வரவே இல்லை.

வாடகைச் சந்தையில் அப்படி நகர முடியாமல் நிற்பது எது? நிலம். கட்டி முடித்த வீட்டைத் தூக்கிக்கொண்டு வரி குறைந்த ஊருக்குப் போக முடியாது. வாடகைக்காரர் கஷ்டப்பட்டாவது நகர்கிறார்: கோரம்பள்ளத்துக்கு, மாப்பிள்ளையூரணிக்கு, புதுக்கோட்டைக்கு. அதுவும் முடியாவிட்டால் இரண்டு குடும்பம் ஒரு வீட்டில் அடைந்துகொள்கிறது, அல்லது ஆண் மட்டும் அறையெடுத்துத் தங்கி, குடும்பம் சொந்தக் கிராமத்துக்குத் திரும்புகிறது. ஆகவே வரி நிலத்தின் மேலேயே தங்குகிறது. உரிமையாளரின் வருவாயைக் குறைக்கிறது, அடுத்து வாங்க வருபவர் கொடுக்கச் சம்மதிக்கும் விலையைக் குறைக்கிறது. உரிமையாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வரி முழுவதையும் அடுத்தவர் மேல் தள்ளிவிட முடியும் என்றால் அவர்கள் ஏன் இவ்வளவு ஆத்திரத்தோடு எதிர்க்க வேண்டும்? தள்ளிவிட முடியாததால்தான் எதிர்க்கிறார்கள்.

ஒத்தியைப் பாருங்கள். தென்மாவட்டங்களில் மாத வாடகையே இல்லாமல், நாலைந்து லட்சத்தை மொத்தமாகக் கொடுத்து மூன்று ஆண்டு குடியிருந்து, போகும்போது அதே தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்கிற முறை பரவலாக இருக்கிறது. ஒத்திக் காலத்தின் நடுவில் தீர்வை ஏறினால் யார் சுமப்பது? வீட்டுக்காரர்தான், கூட்டிக் கேட்க மாத வாடகை என்று ஒன்று அங்கே இல்லை. அடுத்த ஒத்தித் தொகையை முடிவு செய்வது வட்டி நிலவரமும் வீட்டுத் தட்டுப்பாடும்.

இனி வருமான வரி. முதலீடாக வீடு வாங்கி வாடகைக்கு விடுகிறவர்களை 2017 முதல் அரசு நசுக்குகிறது, அதனால் வாடகை வீடு அருகிவிடும் என்பது இரண்டாவது புலம்பல். 2017 பட்ஜெட்டில் செய்தது இது: வாடகை வீட்டுக் கடனுக்கான வட்டி, வாடகை வருமானத்தை மிஞ்சி நட்டம் காட்டினால், அதில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் மட்டுமே சம்பளம் முதலிய பிற வருமானத்தில் கழிக்கலாம், மிச்சத்தை எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் சென்று வீட்டு வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு முன் உச்ச வரம்பே கிடையாது. இந்த 2 லட்சத்தை யார் தாண்டுவார்? 40 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி என்றால் ஆண்டு வட்டி 3.40 லட்சம். மாத வாடகை 15,000 என்றால் ஆண்டுக்கு 1.80 லட்சம், அதில் 30 சதவீதம் நிலைக் கழிவு போக 1.26 லட்சம். நட்டம் 2.14 லட்சம். ஆக, 40 லட்சம் கடன் வாங்கித் தான் குடியிராத வீட்டை வாங்கியவரே அந்தக் கோட்டைக் கொஞ்சம்தான் தாண்டுகிறார். தூத்துக்குடியில் வாடகைக்கு விடப்படும் வீடுகளில் பெரும்பாலானவை எப்படி எழுந்தவை? கீழே தாங்கள் குடியிருந்து மேலே மாடி எடுத்தவை. கப்பலுக்குப் போனவரும் வளைகுடாவுக்குப் போனவரும் அனுப்பிய பணத்தில் எழுந்தவை. பணி ஓய்வுத் தொகையில் எழுந்தவை. அவர்களில் பலரிடம் கழிக்கக் கடன் வட்டியே இல்லை.

வரிச் சுமை பின்னாளில் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். புதிய வரி முறையில் வீட்டு நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவே முடியாது என்பது உண்மை. அதே முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை சாதாரண வருமானம் உள்ளவருக்கு வரியே இல்லை. ஓய்வூதியமும் இரண்டு வீட்டு வாடகையும் சேர்த்தாலும் அந்த எல்லையைத் தொடாதவர்கள்தான் நம் ஊர் வீட்டுக்காரர்களில் அதிகம். மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுக்கும் தனிநபர்கள் பிடித்துக் கட்ட வேண்டிய வரி 2024 அக்டோபர் முதல் 5 சதவீதத்திலிருந்து 2 ஆனது. அந்த அளவுக்கு வாடகை வரும் குடியிருப்புகள் இங்கே விரல்விட்டு எண்ணத்தக்கவை. வரி இறங்கிய இந்த ஆண்டுகளில் வாடகை இறங்கியதா என்ற பழைய கேள்வியை மறுபடியும் கேட்கிறேன்.

2017இல் நாம் செய்ததை ஆஸ்திரேலியா 1985 ஜூலையிலேயே செய்து பார்த்தது. வாடகை வீட்டு நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்கும் சலுகையைக் கருவூல அமைச்சர் பால் கீட்டிங் நிறுத்தினார். முதலீட்டாளர்கள் ஓடிவிட்டார்கள், வாடகை விண்ணைத் தொட்டது என்று கூச்சல் எழுந்தது. 1987 செப்டம்பரில் சலுகை திரும்பி வந்தது. இன்றுவரை அந்நாட்டு வீட்டுத் தொழில் அமைப்புகள் அந்தக் கதையைச் சொல்லியே எந்த மாற்றத்தையும் தடுக்கின்றன. ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்த பொருளாதார அறிஞர்கள் கண்டது வேறு. வரி மாற்றம் நாடு முழுவதற்கும் ஒன்றே. வாடகை கடுமையாக ஏறியதோ சிட்னியிலும் பெர்த்திலும். அங்கே காலி வீடுகள் முன்பே அருகிவிட்டிருந்தன. மற்றப் பெருநகரங்களில் அப்படி ஏறவில்லை. பிரிட்டனும் 2017 ஏப்ரல் தொடங்கி நான்கு ஆண்டுகளில் வாடகை வீட்டுக் கடன் வட்டிச் சலுகையைப் படிப்படியாகச் சுருக்கியது. வாடகை எகிறும் என்று எச்சரித்தார்கள். சுருக்கம் நடந்துகொண்டிருந்த 2018இல் அங்கே தனியார் வீட்டு வாடகை ஏறியது சுமார் 1 சதவீதம். விலைவாசி அதைவிட வேகமாக ஏறியது.

நீண்ட காலத்தில் என்ன ஆகும் என்று கேட்பவர்களை மதிக்கிறேன், அந்தக் கேள்வி நேர்மையானது. லாபம் குறைந்தால் புதிதாகக் கட்டுவது குறையும், கட்டுவது குறைந்தால் ஒருநாள் வாடகை ஏறும். கட்டுகிறவரைத் தடுக்கும் வரி அப்படிச் செய்யக்கூடும். ஆனால் நம் நாட்டில் வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் ஆண்டு வாடகை நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாய்தான். அதற்காக யாரும் இங்கே மனை வாங்குவதில்லை. விலை ஏறும் என்றுதான் வாங்குகிறார்கள். அப்படியானால் முதலீட்டாளரை உண்மையில் தொடும் வரி, விற்கும்போது வரும் ஆதாய வரி.

2024 ஜூலை 23 முதல் அதை மாற்றினார்கள்: பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிட்டு 20 சதவீதம் என்பது போய், அந்த உயர்த்தல் இல்லாமல் 12.5 சதவீதம். 2004-05இல் 10 லட்சத்துக்கு வாங்கிய வீட்டைப் புது விதி வந்த ஆண்டில் விற்பதாகக் கொள்வோம். பழைய முறையில் வாங்கிய விலை 32.12 லட்சமாகக் கணக்காகும். 40 லட்சத்துக்கு விற்றால் பழைய வரி சுமார் 1.58 லட்சம், புதிய வரி 3.75 லட்சம். 80 லட்சத்துக்கு விற்றால் பழையது 9.58 லட்சம், புதியது 8.75 லட்சம். அதாவது, விலை மெதுவாக ஏறிய பழைய தெருக்காரருக்கு நட்டம். நெடுஞ்சாலை ஓரத்தில் விலை பாய்ந்து ஏறிய மனைக்காரருக்கு லாபம். எதிர்ப்பு எழுந்ததும், அந்தத் தேதிக்கு முன் வாங்கியவர்கள் இரண்டில் குறைந்ததைக் கட்டலாம் என்று திருத்தினார்கள். அந்தத் தெரிவு உள்நாட்டில் வசிப்போருக்கு மட்டும். ஆண்டில் பெரும்பகுதியைக் கப்பலிலோ வளைகுடாவிலோ கழித்து, வரிக் கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவராக நிற்கும் நம் ஊர்க்காரருக்கு அது கிடையாது. இது நியாயமான குறை, இதற்காக அவர்கள் குரல் கொடுக்க வேண்டும், நானும் சேர்ந்துகொள்வேன். ஆனால் தங்கள் குறையைத் தங்கள் குறையாகவே சொல்ல வேண்டும். அதில் வாடகைக்காரருக்கு எந்தப் பங்கும் இல்லை.

கடை வாடகை வேறு சங்கதி. பதிவு பெற்ற வணிகருக்குப் பதிவில்லாத ஒருவர் கடையோ கிட்டங்கியோ வாடகைக்கு விட்டால், 2024 அக்டோபர் 10 முதல் 18 சதவீத ஜிஎஸ்டியை வாடகைக்காரரே கட்ட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதை எதிர்த்து வணிகர்கள் பேசியதில் பொருள் உண்டு. பேசியதால்தான் இணக்க முறையில் வரி கட்டும் சிறு வணிகர்களுக்குப் பிறகு விலக்குக் கிடைத்தது. அந்த அனுபவத்தை எடுத்துக் குடியிருப்பு வீட்டின் மேல் ஒட்டக் கூடாது.

வாடகைக்கு வீடு தேடுகிறவரைக் கட்டாயம் பாதிக்கிற வரிக் கொள்கை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. ஒருவருக்கு இரண்டாவது வீடு இருந்து அதைப் பூட்டி வைத்திருந்தால், அதற்கு வரக்கூடிய வாடகையைக் கற்பனையாகக் கணக்கிட்டு வரி போடும் வழக்கம் இருந்தது. 2019 பட்ஜெட் இரண்டாவது வீட்டுக்கு அந்த வரியை நீக்கியது. 2025 பட்ஜெட், தானே குடியிருக்க வேண்டும், வேலை நிமித்தம் முடியாமல் போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளையும் நீக்கிவிட்டது. இப்போது, பூட்டி வைத்தால் வருமான வரி இல்லை, வாடகைக்கு விட்டால் கணக்குக் காட்ட வேண்டும். சென்னையிலும் துபாயிலும் இருப்பவர்களின் பூட்டிய வீடுகள் இந்த ஊரில் எந்தத் தெருவில் இல்லை? வரிச் சலுகை ஒன்று, வாடகைக்கு வர வேண்டிய வீடுகளைப் பூட்டியே வைக்கச் சொல்கிறது. வாடகைக்காரர் பெயரைச் சொல்லி வரி உயர்வை எதிர்த்தவர்கள், வாடகைக்காரரை நேரடியாகத் தொடும் இந்தச் சலுகைக்கு எதிராக ஒரு வார்த்தையாவது பேசியிருக்க வேண்டும்.

தீர்வை எதற்குப் போகிறது என்பதையும் மறந்துவிடுகிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி தாழ்ந்து கிடக்கிற ஊர். நாள் கணக்கில் தண்ணீர் வடியவில்லை. தரைத்தள வீடுகளில் யார் இருக்கிறார்கள்? மாடியில் வீட்டுக்காரரும் கீழே வாடகைக்காரரும் இருக்கிற வீடுகளில் யாருடைய பீரோ மிதந்தது, யாருடைய பிள்ளைகளின் புத்தகங்கள் கூழாயின, எந்தக் குடும்பத்தின் தையல் மெஷின் துருப்பிடித்தது? கட்டடம் நின்றது, அதற்குள் இருந்த வாழ்க்கைதான் நனைந்து நாசமானது. மழைநீர் வடிகாலுக்கும் பாதாளச் சாக்கடைக்கும் மாநகராட்சி தன் கையிலிருந்து செலவழிக்கக்கூடிய பணத்தில் சொத்து வரிதான் முதன்மையானது. அந்த வரி சரியாகச் செலவாகிறதா என்று கேட்கலாம், கடுமையாகவே கேட்க வேண்டும். ஆனால் தண்ணீரில் எல்லாவற்றையும் இழந்தவரைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, வடிகாலுக்கான வரியைக் கட்டாதே என்பது கொடுமை.

வாதத்தின் மறுபுறத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வரி உயர்வு அறிவிப்பு எல்லா வீட்டுக்காரருக்கும் ஒரே நாளில் ஒரே சாக்கைக் கொடுக்கிறது. தனியாகக் கேட்கத் தயங்கியவரும், தெருவே கேட்கும்போது கேட்கிறார். அந்த வகையில் உயர்வு ஒரு பொறியைத் தட்டிவிடத்தான் செய்கிறது. அதற்கு மருந்து வரியை நிறுத்துவது அன்று. சாக்கு எடுபடாதபடி செய்வது. 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிற தமிழ்நாடு வாடகைச் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. நம் ஊரில் இன்னமும் பெரும்பாலும் வாய்ப்பேச்சும், மிஞ்சிப்போனால் பத்திரத்தாளில் ஒரு பதினொரு மாத ஒப்பந்தமும்தான். அந்த ஒப்பந்தத்தில் வாடகை ஒரு இனமாகவும், வீட்டுத் தீர்வையில் வாடகைக்காரர் பங்கு ஏதாவது இருந்தால் அது தனி இனமாகவும் எழுதப்படட்டும். சொத்து வரி ரசீது இணையத்திலேயே கிடைக்கிறது. இப்போது ஆண்டுதோறும் 6 சதவீதம் ஏறும் முறை வந்துவிட்டது; 3,000 ரூபாய் தீர்வைக்கு அது ஆண்டுக்கு 180, மாதத்துக்கு 15 ரூபாய். வீட்டுக்கார அண்ணாச்சி அடுத்த முறை தீர்வையைக் காரணம் காட்டி ஐநூறு கேட்டால், ரசீதை வாங்கிப் பார்த்து, கூடிய தொகையைப் பன்னிரண்டால் வகுத்துச் சொல்லுங்கள். அந்தப் பதினைந்து ரூபாயைச் சேர்த்துக் கொடுக்க எந்த வாடகைக்காரரும் மறுக்கப்போவதில்லை.